கோழிக்கூட்டின் மேல் நிற்கும் டீச்சர்

அன்னமேரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கோழிக்கூட்டின் மேல் ஏறுகிறாள். கேரளத்துப் பீர்மேட்டுச் சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தொழிலாளர் லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் ஒரே இடம் அவள் வீட்டுக் கோழிக்கூட்டின் கூரைதான். கீழே கோழிகள் கூச்சலிடுகின்றன. ஒரு கையால் கொய்யாக் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வாயருகே வைத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லும் வீட்டு விசேஷத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறாள்.

"மதினி, எல்லாரும் கேளுங்க. நம்ம ஜிபி இந்த வாரம் ஒரு கோழிக்குஞ்சுக்கு அடக்கம் நடத்துனா. ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் அவளே. பிரசங்கத்துல, குஞ்சக் கடிச்ச கீரிப்பிள்ளைய மன்னிச்சிட்டா. எதிர்வீட்டு பூமாரி அக்கா நெசமாவே அழுதுட்டாக. ஜிஜோ அவுக அப்பா ஜீப்பக் கழட்டி மாட்டிட்டான். ஒரு போல்ட்டு மிச்சம். வண்டி ஓடுது, ஆனா அந்த மனுசன் அந்த போல்ட்ட முன்னால வச்சுப் பாத்துப் பாத்துதான் ஓட்டுறாரு. டின்சி விசேஷம் அடுத்ததுல சொல்றேன், இங்க கூரை ஆடுது."

தூத்துக்குடியில் இருக்கும் கணவரின் அக்கா அன்னாள்தான் எப்போதும் முதலில் பதில் போடுவார். பதில் பல வருடங்களாக ஒன்றேதான். "எல்லாம் சரி மேரி, பிள்ளைகள எப்ப ஸ்கூல்ல சேக்கப் போற?"

அன்னமேரியின் பிள்ளைகள் டின்சி, ஜிஜோ, ஜிபி மூவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். அந்த லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்; பி.ஏ. பொருளாதாரம். படித்த பெண் ஏன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்காதவர் யாருமில்லை. மூத்தவள் டின்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத்தான் செய்தாள். எல்லாமே மலையாளம். பிள்ளை மழைக்காலம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஊமையோ, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஆசிரியை கவலையோடு விசாரித்தாள். அன்னமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டில் அந்தப் பிள்ளை தூக்கத்தில்கூடப் பேசுவாள். ஒரு மாதம் வீட்டில் வைத்து மலையாளம் பழக்கித் திரும்ப அனுப்பலாம் என்று கூட்டிவந்தாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. டின்சிக்கு இப்போது வயது பதினைந்து.

பள்ளி நடப்பது முன்னறையில். வாசல் கதவின் உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்ததுதான் போர்டு. ஆகவே பாடம் நடக்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும். யாராவது பிரம்பு நாற்காலி இரவல் கேட்டுத் திறந்தால், கணக்கு அவரோடு சேர்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். "கணக்கத் திருப்பித் தந்துட்டுப் போங்க அக்கா!" என்று ஜிபி கத்துவாள்.

மணி கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையின் சங்குதான் மணி. காலைச் சங்கு ஊதியதும் அன்னமேரி டீச்சர் ஆகிவிடுவாள். அதன்பிறகு அம்மா என்று கூப்பிடக் கூடாது. 'டீச்சர், நீங்க' என்றுதான் பேச வேண்டும். டீச்சரும் அடுப்பைப் பற்றிப் பேச மாட்டாள், அடிக்க மாட்டாள், அழ மாட்டாள். எது கேட்டாலும் காரணம் சொல்லச் சொல்வாள். மத்தியானச் சங்கு ஊதினால் டீச்சர் போய் அம்மா வந்துவிடுவாள். அதுவரை 'நீங்க' என்றவர்கள் "ஏம்மா, நீ சோறு போடுறியா இல்லியா?" என்பார்கள்.

ஒருமுறை சங்கு ஊதும் வேதமுத்து காலைச் சங்கை ஊதிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். மத்தியானம் அவருக்குப் பதிலாகச் சங்கு ஊத யாருக்கும் தோன்றவில்லை. முன்னறையில் வரலாறு முடிந்து, அறிவியல் முடிந்து, மறுபடி வரலாறு வந்தது. கணவர் பாஸ்கல் சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டுப் பசியோடு வந்து கதவைத் தட்டினார்.

"சோறு ஆச்சா மேரி?"

"அப்பா, கதவத் திறக்காதீக! இன்னும் ஸ்கூல் விடல" என்றான் ஜிஜோ உள்ளேயிருந்து.

"எப்ப விடும்?"

"வேதமுத்து மாமா மாதாவப் பாத்துட்டு வந்தபிறகு."

பாஸ்கல் அதிகம் பேசாதவர். படிப்பைப் பற்றிக் கேட்டால் "நமக்கு ஸ்டியரிங் தெரியும், அவளுக்கு ரூட் தெரியும்" என்பதோடு முடித்துக்கொள்வார். அன்று அவரே போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

இந்த வருடம் டின்சி ஓபன் ஸ்கூலில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி நன்றாகவே தேறிவிட்டாள். அன்னமேரி கூரை மேல் நின்று குதித்ததில் கோழிக்கூட்டின் ஒரு பலகை உடைந்தது. அந்த வாரமே பழைய பிளஸ் ஒன் புத்தகங்களை மலிவு விலைக்கு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து இயற்பியல் படிக்கத் தொடங்கினாள். பொருளாதாரம் படித்தவளுக்கு இயற்பியல் சீக்கிரம் பிடிபடவில்லை. பிடிபட்ட இடங்களில் தனியாகச் சிரித்துக்கொண்டாள். பிள்ளைக்காகத்தான் படிக்கிறேனா, எனக்காகவா என்று ஒரு கேள்வி நடுவில் வந்தது. அடுத்த பாடத்தைப் புரட்டினாள்.

டின்சி புத்திசாலி. தான் சொல்லவேண்டியதை அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே சங்கு ஊதி, கதவு சாத்தி, டீச்சர் சாக்பீஸை எடுக்கும்வரை காத்திருந்தாள்.

"டீச்சர், எனக்கு ஸ்கூலுக்குப் போகணும். பிளஸ் ஒன்னுக்கு அப்ளை பண்ணியிருந்தேன், சீட் அலாட்மென்ட் வந்திருக்கு."

சாக்பீஸ் கதவிலேயே நின்றது. அன்னமேரி திரும்பவில்லை. "காரணம் சொல்லு" என்றாள்.

"ஒண்ணு, லேப் வேணும். நீங்க அமிலம்னு எலுமிச்சம்பழத்தையே எத்தன நாளைக்குக் காட்டுவீங்க? ரெண்டு, என் வயசுல ஒரு ஆளு வேணும். ஜிபிகூட எம்புட்டு நேரம் பேசுறது?"

"நான் என்னட்டி கொறச்சலாவா பேசுறேன்?" என்றாள் ஜிபி.

"மூணு, வேற டீச்சர் திட்டுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"அங்க போய் வாயத் திறப்பியா?"

அந்த வீட்டில் யாரும் வெளியே சொல்லாத கேள்வி அது. டின்சிக்கு இப்போது மலையாளம் நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனால் கடைக்காரரைத் தாண்டி வேறு யாரிடமும் அவள் அதைப் பேசியதில்லை.

"தெரியல டீச்சர். போனாத்தான தெரியும்."

காரணம் சரியாக இருந்தது. டீச்சருக்கு மறுக்க வழியில்லை. "சரி. உக்காரு" என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பிழையில்லாமல் முடித்தாள். பிறகு பாடமும் நடத்தினாள். மத்தியானச் சங்கு ஊதியபோது சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிள்ளைகள் மூவரும் அவள் மேல் விழுந்து கிச்சுகிச்சு மூட்டினார்கள். அழுகையும் சிரிப்பும் பிரிக்க முடியாமல் போய், கடைசியில் விக்கல்தான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை கூரையில் நின்று விசேஷம் சொன்னாள். அன்னாள் மதினியின் பதில் உடனே வந்தது. "ஐயையோ! வீட்டுலயே இம்புட்டு நல்லாப் படிக்கிற பிள்ளைய எதுக்கு மேரி ஸ்கூலுக்கு அனுப்புத?"

அன்னமேரி சிரித்த சிரிப்பில் கொய்யாக் கிளையை விட்டுவிட்டாள். பாஸ்கல் ஓடிவந்து பிடிக்க வேண்டியதாயிற்று.

பள்ளி திறந்த அன்று குடும்பமே ஜீப்பில் ஏறியது. வழியெல்லாம் அன்னமேரி பேசிக்கொண்டே வந்தாள். பென்சில் இருக்கா, குடை இருக்கா, வயிறு சரியா இருக்கா, பயமா இருக்கா. "அம்மா, நீதான் நடுங்குற. வண்டி நடுங்குதுன்னு அப்பா நினைச்சுக்கிட்டிருக்காரு" என்றாள் டின்சி. பாஸ்கல் சந்தேகத்தோடு டேஷ்போர்டில் இருந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் என்பதால் பெற்றோர் ஒரு பாடவேளை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். மற்ற அம்மாக்கள் தயங்கித் தயங்கி உள்ளே வருவதற்குள் அன்னமேரி இடம் பிடித்துவிட்டாள். டின்சி முன்வரிசையில், யாரென்று தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவில் இருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அது கதவுபோல நிமிர்ந்திருந்தது.

இயற்பியல் எடுத்த ஜெஸ்னா டீச்சர் இளவயதுக்காரி. சிரித்துக்கொண்டே மலையாளத்தில் ஒரு கேள்வி போட்டாள். மலை உச்சியில் மூடாத பானையில் அரிசி வேக ஏன் அதிக நேரம் ஆகிறது? தெரிந்தவர்கள் எந்த மொழியிலும் சொல்லலாம் என்றாள்.

யாரும் அசையவில்லை. முன்வரிசை முதுகும் அசையவில்லை. மழைக்காலம் முழுக்க மூடியிருந்த அந்தச் சின்ன வாய் அன்னமேரிக்கு நினைவு வந்தது. கூட்டிக்கொண்டு போய்விடலாம், ஜீப் வெளியேதான் நிற்கிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை மேலே எழுந்துவிட்டது.

"அம்மைக்கு எந்தா வேண்டது?" என்று, அம்மாவுக்கு என்ன வேண்டுமென மலையாளத்தில் கேட்டாள் ஜெஸ்னா டீச்சர்.

வகுப்பு முழுக்கத் திரும்பிச் சிரித்தது. டின்சியும் திரும்பினாள். தூக்கிய கையைப் பார்த்தாள். முகம் சிவந்து, உதடு துடித்தது. அழுகை என்று அன்னமேரி பயந்தாள். அது சிரிப்பு. அந்தச் சிரிப்போடேயே டின்சி எழுந்து நின்றாள்.

மலையாளத்தில்தான் தொடங்கினாள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்றாள். குரல் முதலில் பிசிறி, பிறகு பெஞ்சுகளைத் தாண்டிப் பின்சுவர்வரை கேட்டது. நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் தமிழுக்குத் தாவினாள், அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போனாள், மறுபடி மலையாளத்துக்கு வந்தாள். நிறுத்தவே இல்லை. கடைசியாக, "அதனால தண்ணி கொதிக்க ரொம்ப நேரமாகும்" என்று அடித்துச் சொன்னாள்.

தப்பு. தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அரிசி வேக நேரமாகிறது. ராத்திரி உட்கார்ந்து படித்ததில் அன்னமேரிக்கு முதலில் பிடிபட்ட இடமே அதுதான். அவள் கை தன்பாட்டுக்கு மறுபடியும் எழுந்தது. தோள்வரை வந்ததை இடது கையால் எட்டிப் பிடித்தாள். இறக்கி, தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.