தறிச் சத்தம் நிற்காத மதியம்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஆரணியிலேயே என்னைப் போன்ற சாமர்த்தியசாலி கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன், பள்ளி திறந்த பிறகும் என் கையிலேயே தங்கிவிட்டது. அதில் யாருக்கும் தெரியாமல் ஒரு பக்கம் தொடங்கி, ஆடி ஆடி வீடியோ போட்டேன். பின்கட்டில் கொடியில் காயும் பட்டு நூல்தான் எனக்குத் திரைச்சீலை.

அப்பா தினமும் போனைச் சோதிப்பார். நெய்து முடித்த சேலையைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். போட்டோக்களைத் தள்ளுவார். யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார். பிறகு "ம்" என்று திருப்பித் தருவார். என் பக்கம் எதற்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

எனக்குக் காவல் எங்கள் தறிதான். முன்கட்டில் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் அம்மா ராட்டையில் நூலைத் தார் சுற்றுவாள். தறிச் சத்தம் கேட்கும்வரை நான் ஆடலாம். நின்றால் அப்பா எழுந்துவிட்டார் என்று பொருள். அடுத்த நொடி என் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒரு ரசிகை கிடைத்தாள். அவளுடைய முகப்புப் படத்தில் ஒரு பட்டாம்பூச்சி. நான் எதைப் போட்டாலும் முதல் இதயம் அவளுடையது. எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று கேட்டாள், சொன்னேன். வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வா, வீட்டில் சொல்லாதே என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு, ஒரு ரசிகை, வெளியூரில்!

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. மதியம் அவளுக்காகவே ஒரு ஆட்டம். முன்கட்டில் தறி டடக் டக், டடக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. நானும் அந்தத் தாளத்துக்கே சுழன்றேன். சுழன்று திரும்பினால், பின்கட்டு வாசற்படியில் அப்பா!

தறிச் சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் குழியில் யார்? பயத்தையும் மீறி ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அம்மா! தார் சுற்ற மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த அம்மா, அப்பாவின் அடி மாறாமல் நெய்துகொண்டிருந்தாள். என் காவலையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

அப்பா நெய்த சேலையைக் கொடுக்கும் கடையில் யாரோ என் வீடியோவை ஓடவிட்டிருக்கிறார்கள். அப்பா முதலில் அடையாளம் கண்டது என்னையல்ல, கொடியில் தொங்கிய மாம்பழ மஞ்சள் நூலைத்தான்.

"போன குடு பாப்பா."

கொடுத்தேன். வாசிக்க வாசிக்க அவர் விரல் மெதுவாகிக்கொண்டே போனது.

"யாரு இது?"

"என் ஃபேனுப்பா. ஒரு அக்கா. நாளைக்கி போளூருக்கு வராங்க."

"அக்கான்னு யாரு சொன்னது?"

"பட்டாம்பூச்சி படம் வச்சிகினு இருக்காங்கப்பா!"

உள்ளே தறி நின்றது. அம்மா எழுந்து வந்து, என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். மூச்சு முட்டியது.

"நாளைக்கி நீ எங்கியும் போவாத பாப்பா. அந்த எடத்துக்கு நான் போய்ப் பாக்கறேன்" என்றார் அப்பா. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தறியில் இறங்கினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. நான்தான் குய்யோ முறையோ என்று அழுதேன். என் வளையல், என் ரசிகை, எல்லாம் போயிற்று. உலகத்திலேயே கல்நெஞ்சக்காரர் எனக்கு அப்பாவாக வாய்த்துவிட்டார்.

அழுதுகொண்டே அவரைப் பார்த்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்திருந்தது. வாசலில் போகிறவரிடம் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் முடிச்சுப் போடுகிறவர் அவர். அன்று இரு நுனியையும் சேர்க்கவே முடியவில்லை. சேர்ப்பார், நழுவும். மறுபடி சேர்ப்பார், நழுவும்.

பட்டப்பகல்தான். இருந்தாலும் அவருக்கு வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்துபோய், தறிக்கு மேலிருந்த ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டேன்.