மஞ்சள் பைக்குக் கையெழுத்துப் போட்டவள்

அவளை எல்லோரும் நீலக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டதில் நகக்கண்ணில் ஏறிய நிறம், எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போய் நின்றது. "கையைக் கழுவிட்டு உட்காரலாமே" என்று ஒரு தடவை சம்பந்தி வீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள். "கழுவிக் கழுவித்தாங்க இப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டு இவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் உறவு சொல்வதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பேக்கரிக்காரர் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், அவர் மூத்த மருமகளின் தங்கையைக் கட்டிய தையற்காரர், அந்தத் தையற்காரரின் மச்சினன் என்று இழுத்து இழுத்துக் கடைசியில் தன் வீட்டு வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். புருஷன் இருந்த காலத்தில் சொல்வான்: "உன்கிட்ட மாட்டினா உலகத்துல அந்நியன்னு ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

அந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது. கர்ப்பத்தைத் தடுக்கிற மாத்திரை வாங்கப் போனால் மருந்துக்கடையில் கல்யாணச் சான்றிதழையும் புருஷன் கையெழுத்தையும் கேட்பார்கள். கரு கலைந்தால், தானாகக் கலைந்ததா, இவளே கலைத்தாளா என்று விசாரணை. கலைத்தாள் என்று முடிவானால் ஏழு வருடம் உள்ளே. மற்ற நாடுகள் இதையெல்லாம் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டன. இங்கேயும் நீலக்கை கைக்குழந்தையாக இருந்தபோது, சட்டத்தை எடுத்துவிடலாமா என்று சபையில் கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு கை குறைந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு வயிற்றுப்போக்கு என்று வீட்டில் படுத்திருந்தார். ஒரு மனிதருக்கு வயிறு சரியில்லாமல் போனதில், நாட்டிலுள்ள அத்தனை பெண்களின் வயிற்றுக்கும் காவல் விழுந்தது.

அந்தக் காவலில் சலவைக்கூடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கரு கலைந்து வருகிற பெண்ணின் படுக்கை விரிப்பை வார்டிலிருந்து மஞ்சள் பையில் போட்டு அனுப்புவார்கள். அதைத் தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் உலர்த்தி, கறை சிவப்பா பழுப்பா என்று அட்டையில் எழுதி, சலவைக்கூடத்து மூத்தவள் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பு என்றால் புது ரத்தம், தானாகக் கலைந்தது, விதி. பழுப்பு என்றால் பழைய ரத்தம். எதையோ தின்றுவிட்டு இரண்டு மூன்று நாள் மறைத்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இப்படித்தான் விதிப்புத்தகத்தில் இருந்தது. "தண்ணீரில் ஒரு முறை" என்று எழுதியவர்கள் எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. எழுதியவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் துணி துவைத்தவர் இல்லை.

பத்தொன்பது வருடம் அந்த அட்டையில் நீலக்கை கையெழுத்துப் போட்டாள். மேலே கேட்டார்கள், கீழே எழுதினாள். அது அவளுக்குத் துவைப்பு வேலையே இல்லை. சர்க்கார் வேலை. கறை போக வேண்டும் என்று யாரும் கேட்காத துணியைப் பற்றி அவள் ஏன் யோசிக்கப் போகிறாள்?

யோசிக்கவேண்டிய நாள் ஒரு பல்லால் வந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவள் ஒரு நாள் லீவு போட்டாள். அன்றைக்குப் பார்த்துக் கொழுந்தன் மகள், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவள், ஐந்தாம் மாதம், நின்ற நிலையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறாள். புருஷன் லாரியில் எல்லை தாண்டிப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில் கொண்டுவந்து போட்டாள். குழந்தை நிற்கவில்லை.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு நீலக்கை கூடத்துக்குள் வந்தபோது, கொடியில் வெள்ளை விரிப்பு ஒன்று தொங்கியது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த இலை நிறத்தில் கறை. கீழே மஞ்சள் பை. பையில் இருந்த சீட்டில் கொழுந்தன் மகளின் வார்டும் படுக்கை எண்ணும்.

மிஷின் பக்கத்தில் புது ஆள் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது, பெரிய ஓட்டல் சலவையிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டல்காரன் என்றே பெயராகிவிட்டது.

"இதை யாரு அலசினது?"

"நான்தான்க்கா. நீங்க இல்லையே. விசாரணை அதிகாரி காலையிலேயே வந்து பாத்துட்டு, பழுப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. உங்க கையெழுத்து மட்டும் பாக்கி."

"எந்தத் தண்ணியில அலசின?"

"கொதிக்கிற தண்ணியிலதான். ஓட்டல்ல எல்லாத்துக்கும் அதுதானே. குழம்புக் கறை, எண்ணெய்க் கறை, எதுவும் நிக்காது."

"ரத்தம் குழம்பு இல்லப்பா. சுடுதண்ணி பட்டா முட்டை வேகற மாதிரி வெந்து நூலோட ஒட்டிக்கும். நிறமும் மாறிடும். பச்சைத்தண்ணியிலதான் அலசணும், சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

அவன் முகம் செத்துவிட்டது. "யாரோட துணிக்கா அது?"

"என் கொழுந்தன் பொண்ணோடது."

அவளால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. வாயில் பஞ்சு இருந்ததால் அல்ல. "சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்று தன் வாயால் சொன்னது தன் காதிலேயே திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

குளிர்காலத்தில் அடித்தளத்துக் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். அந்த மூன்று மாதமும் விடிகாலையில் வருகிற மஞ்சள் பைத் துணியை அவள் எதில் அலசினாள்? பாய்லர் குழாயைத் திறந்து, பக்கெட்டில் பிடித்து, கைக்கு இதமாக, ஆவி பறக்கப் பறக்க.

அலமாரியைத் திறந்து பழைய அட்டைகளின் அடிக்கட்டைகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். சிவப்பை ஒரு பக்கம் போட்டாள், பழுப்பை ஒரு பக்கம். பழுப்பு பதினொன்று இருந்தது. பதினொன்றும் குளிர்மாதத்தில். கோடையில் ஒன்றுகூட இல்லை. குற்றம் செய்கிற பெண்கள் குளிரில் மட்டுமா செய்வார்கள்?

தெரியாது என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரிந்திருந்தது. கையில் இருந்தது தலைக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் அதிகாரி ஆள் அனுப்பினார், அட்டையில் கையெழுத்து வேண்டும் என்று. "விசாரணைக்கு நானே எடுத்துக்கிட்டு வரேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் விசாரணை. மூன்றாவது மாடியில் நீளமான மேஜை. நடுவில் அதிகாரி, ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் எழுதுகிறவர். டாக்டர் அட்டையின் கீழே முத்திரை வைப்பார், மற்றபடி வாய் திறக்க மாட்டார். எதிரே முக்காலியில் கொழுந்தன் மகள். பால் கட்டி வலித்த மார்பைச் சால்வையால் இறுக்கி மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் உதடு துடித்தது.

"அழாதே. இவங்க முன்னாடி அழாதே" என்றாள் நீலக்கை.

"இங்க சாட்சி அந்தப் பொண்ணுகிட்டப் பேசக் கூடாது" என்றார் அதிகாரி. "அட்டையை வைங்க. கையெழுத்தைப் போடுங்க."

"போடறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி வேணும்."

டீ போடக் கொண்டுவந்து வைத்திருந்த வெந்நீர் பிளாஸ்க் மேஜையில் இருந்தது. குடிக்கிற தண்ணீர் ஒரு கிளாஸில் இருந்தது. காலிக் கிளாஸ் ஒன்றை இழுத்து அதில் வெந்நீரை ஊற்றினாள். பையிலிருந்து இரண்டு வெள்ளைத் துண்டுத் துணியை எடுத்தாள். எழுதுகிறவரின் காகிதக் கட்டிலிருந்து குண்டூசியை உருவி விரலில் குத்தினாள். இரண்டு துணியிலும் அழுத்தி அழுத்தி வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"அலசறேங்க. விதிப்படி, தண்ணியில ஒரு முறை."

ஒன்றை இதில் முக்கினாள், மற்றதை அதில். எடுத்துப் பிழிந்து அதிகாரி முன்னால் விரித்தாள். ஒன்றில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல். மற்றதில் பழுப்பு.

"ரெண்டும் என் ரத்தம். ஒரே விரல், ஒரே நேரம். எனக்கு வயசு ஐம்பத்தெட்டு, என் வயித்துல எதுவும் இல்ல. இதுல எது விதி, எது குத்தம்? சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சூட்டுல ரத்தம் உறையும். அது சரிதான்."

"இத்தனை வருஷம் நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் நீலக்கை.

"என்னை யாரும் கேட்கல. கறை சலவைக்கூடத்து விஷயம்."

அறையில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியாது. அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "சரி. ஆதாரம் போதாதுன்னு இந்தப் பொண்ணை விட்டுடறோம். கூட்டிட்டுப் போங்க."

கொழுந்தன் மகள் எழுந்தாள். நீலக்கை எழவில்லை. எதிர்நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

"எந்தப் பதினோரு பேர்?"

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினவங்க. எல்லாம் குளிர்மாசம். எல்லாம் சுடுதண்ணி. பேக்கரிக்காரரோட ரெண்டாவது மருமக. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் பொண்ணு, அவ அத்தை வீடு எங்க தெரு முனையில. கண்ணாடிக் கடைக்காரர் தங்கச்சி. ரயில்வே ஊழியர் சம்சாரம், அவங்க மாமியா எனக்கு ஒன்னுவிட்ட நாத்தனார் முறை." நிறுத்தாமல் பதினொன்றையும் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முகத்தைப் பார்த்தபடி இருந்தார். "ஏழு பேர் வருஷத்தைக் கழிச்சிட்டு வந்துட்டாங்க. நாலு பேர் இன்னும் உள்ளே. எழுதச் சொல்லுங்க."

"பெரியம்மா, வேலை போயிடப் போகுது. வாங்க" என்றாள் கொழுந்தன் மகள்.

"போகட்டும். நீ கதவுகிட்ட நில்லு."

அதிகாரி குரலைத் தணித்தார். "உங்க பொண்ணுக்கு ஆக வேண்டியது ஆயிடுச்சு. இருபது வருஷத்துச் சர்வீஸ். எதுக்கும்மா வீணா? தப்பான அட்டையில கையெழுத்துப் போட்டது குற்றம், தெரியுமா? நீங்களே சொன்னதை நான் எழுதினா நீங்கதான் உள்ள போவீங்க."

வாட்ச்மேன் மகளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, அவள் அத்தை தெருமுனையில் நின்று மண்ணை வாரித் தூற்றி ஆஸ்பத்திரிக்காரர்களை வாழ்த்தாத வாழ்த்தெல்லாம் வாழ்த்தியதும், தான் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனதும் நீலக்கைக்கு ஞாபகம் வந்தது. பிறகு சிரித்தாள். பல் பிடுங்கிய இடம் தெரியச் சிரித்தாள்.

"என்னை உள்ள போடணும்னா, அந்தப் பதினோரு அட்டையும் தப்புன்னு நீங்க எழுதியாகணும். அட்டை தப்புன்னா அவங்க எதுக்குங்க உள்ள இருக்காங்க? நல்லா யோசிச்சு எழுதுங்க. என்னைப் பிடிச்சா அவங்களை விடணும். என்னை விட்டா, நான் இந்த ரெண்டு துணியையும் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போவேன். எனக்கு இந்த ஊர்ல சொந்தம் இல்லாத வீடு கிடையாது."

"மிரட்டறீங்களா?"

"நான் துவைக்கிறவங்க, எனக்கு மிரட்டத் தெரியாது. எழுதற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்த் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தாள். கொழுந்தன் மகள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் கிளப்ப முடியவில்லை. ஓட்டல்காரன் படியேறி வந்து, அந்த விரிப்பைக் கொதிநீரில் அலசியது நான்தான், என் பேரையும் எழுதுங்கள் என்றான். அவன் பின்னால் இஸ்திரி போடுகிற பெண்கள் நாலு பேர். நாலு மணிக்கு அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. "எழுதுங்கய்யா, இந்தப் பொம்பளை சொல்றபடியே எழுதுங்க. எழுதிட்டுப் போலீசைக் கூப்பிடுங்க" என்று மேஜையைத் தட்டினார். கோபத்தில் எழுதச் சொன்னதும் எழுத்துதான். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பதினொன்று வந்துவிட்டதா என்று விரல் விட்டு எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் போட்டார்கள். பெண்கள் சிறையில் அவளுக்கு என்ன வேலை கொடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. துவைக்கிற கல்லுக்கு முன்னால் முதல் நாளே ஒருத்தி வந்து நின்றாள். முடி கொட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தாள். பேக்கரிக்காரரின் இரண்டாவது மருமகள். உள்ளே வந்து ஐந்தாவது வருடம்.

"நீதானே அந்தக் கையெழுத்து?"

"நான்தான்."

நீலக்கை துவைத்து வைத்திருந்த துணிக்கூடையை அவள் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். நீலக்கை சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி துவைத்தாள். இப்படி இரண்டு மாதம் நடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட நடந்தது. இடையில் விசாரணையில் எழுதின எழுத்து மேலிடத்துக்கு நகர்ந்தது. வெளியே கொழுந்தன் மகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ரயில்வே ஊழியர் சம்சாரத்தை விட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு பேரை. சட்டம் அப்படியே இருந்தது. மஞ்சள் பையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அட்டையில் கறை நிறத்துக்கான இடத்தை யாரும் நிரப்புவதில்லை என்று ஓட்டல்காரன் சொல்லி அனுப்பினான். அதிகாரி கேட்டால், எந்தத் தண்ணீர் என்று முதலில் எழுத்தில் கொடுங்கள் என்று இஸ்திரிப் பெண்கள் கேட்கிறார்களாம்.

கடைசியாகப் பேக்கரிக்காரர் மருமகளுக்கு உத்தரவு வந்தது. தட்டையும் போர்வையையும் ஒப்படைத்துவிட்டு, கதவுக்குப் போகிற வழியில் துவைக்கிற கல் பக்கம் வந்தாள். கூடை நிரம்பியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நீ சொன்னதாலதான் விடறாங்களாம். அதுக்காக உன்னை மன்னிச்சிடுவேன்னு நெனைக்காதே."

"மன்னிக்க வேண்டாம்மா" என்றாள் நீலக்கை, கையில் இருந்த துணியைப் பிழிந்தபடி. "நீ முதல்ல வெளிய போ."