கண்மாய்க்கரையில் போட்ட பில்

பாண்டீஸ்வரிக்கு இப்போது கோச்சடை ரேஷன் கடையில் வேலை. மிஷினில் விரலை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் பில் வந்துவிடுகிறது. வந்தவர்கள் வாய் திறக்காமல் அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவளுக்கு உடம்புதான் இங்கே. நினைப்பெல்லாம் முன்பு ஆறு வருஷம் வேலை பார்த்த, கொட்டாம்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நெடுங்கரைப்பட்டியில்.

அவள் குடியிருக்கும் திருநகரில் கம்பத்துக்குக் கம்பம் நாலு கம்பெனி இணைய வயர் தொங்கும். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி நெடுங்கரைப்பட்டியில் இறங்கினால் செல்போன் செத்துப்போகும். அந்த ஊர் ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் கொடுத்தவர்கள், அது ஓட இணையம் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். முதல் மாதம் ஊர்ச் சனம் வெறும் பையோடு திரும்பியது.

ஆடு மேய்க்கிற ராமக்காள்தான் வழி சொன்னாள். “கம்மாக்கரைக்கு வா தாயி. மடைகிட்ட நின்னாத்தேன் போனுல எம் மகன் பேசுறது எனக்குக் கேக்கும்.”

மறுநாளே மிஷின் கரையேறியது. பாண்டீஸ்வரி ஸ்டூலில் உட்கார, எடை போடும் மலைச்சாமி குடை பிடிக்க, ஊரே வரிசையில் நின்று விரல் வைத்தது. சரக்கு வாங்கக் கடைக்கு நடக்க வேண்டும். சிக்னல் போய்விட்டால் வருகிறவரை பேச்சுதான். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் மோட்டார் புகைந்தது, எல்லாம் அங்கேயே அலசிக் காயப்போடப்படும். அவித்த கடலை கைமாறும். வாய் பேசவே கூச்சப்படும் பாண்டீஸ்வரி சண்டை போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அவள் அம்மா இறந்தபோது அந்தக் கரைக் கூட்டம் ஒரு வேன் நிறைய திருநகருக்கு வந்து அழுதது. அந்த ஆறு வருஷம் போல இனி வராது.

ஒருநாள் ராஜகுரு என்ற கணக்கெடுப்பு அதிகாரி வந்தார். எந்தெந்த ஊருக்கு அரசுப் பணத்தில் ஃபைபர் லைன் போடலாம் என்று பட்டியல் எடுக்கிற வேலை.

“ஒங்க ஊரு பட்டியல்ல இல்லம்மா. மாசா மாசம் நூத்துக்கு நூறு பில்லு போட்டிருக்கீங்க. சிக்னல் நல்லாருக்குன்னு எடுத்துட்டாங்க. நாளைக்குக் கடைசிப் பட்டியல் போகுது.”

பாண்டீஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஊர் வாயில் மண்ணை அள்ளிப் போட்டது அவளேதான். உண்மையைச் சொல்லலாம். ஆனால் மிஷினைக் கடைக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். வேலைக்கே உலை வைத்துவிடும்.

மலைச்சாமி அவளைத் தனியே இழுத்தார். “பேசாம இரு தங்கச்சி. இம்புட்டு நாளு ஓட்டலையா? கரை எங்கயும் போகாது.”

“மழைக்கும் வெயிலுக்கும் நிக்கிறது நம்ம இல்லண்ணே, அவுக” என்றாள். பிறகு ராஜகுருவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். ஆறு வருஷமாகக் கடைக்குள் சிக்னல் இல்லை, எல்லா பில்லும் கண்மாய்க்கரையில் நான் போட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்த்த ராஜகுரு, “இத நான் அனுப்பினா ஒங்களுக்குத்தாம்மா சிக்கல்” என்றார்.

“அனுப்புங்க சார்.”

ஊர் பட்டியலில் ஏறியது. பாண்டீஸ்வரிக்கு மெமோ வந்தது, பின்னாலேயே கோச்சடைக்கு மாற்றலும் வந்தது. லைனுக்குப் பள்ளம் தோண்டுவதைக்கூட அவள் பார்க்கவில்லை.

போன வாரம் மலைச்சாமி எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தது. திரை முழுக்க ராமக்காள்.

“தாயி, கடைக்குள்ள இருந்துதேன் பேசுறேன்! இப்பத்தேன் விரல வச்சேன், ஒடனே பில்லு வந்துருச்சு. ஒம் மொகம் எம்புட்டுத் தெளிவாத் தெரியுது!”

“நல்லாருக்கீயளா எல்லாரும்?”

“இருக்கோம். லைனு வந்துருச்சு. நீதேன் இல்ல.”

கோச்சடை வரிசையில் யாரோ, “ஏம்மா, பில்லு போடலையா?” என்றார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பாண்டீஸ்வரி, அத்தனை பேர் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.