அம்மாவின் புதிய புத்தகம்

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டு எழுத்தாளர்கள் இருபது பேருடைய புத்தகங்களைப் பற்றி என்னால் இப்போதும் மணிக்கணக்காகப் பேச முடியும். எந்தக் கிழவர் மனைவி செத்த பிறகு ஒரு நாயோடு தனியாகக் கிடந்து நாவல் எழுதினார், எந்த அக்காளும் தங்கையும் ஆட்டுப் பண்ணைக்காகப் பேச்சை முறித்துக்கொண்டார்கள், எல்லாம் அத்துப்படி. ஒரு புத்தகத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாமே கேள்வி ஞானம், அதுவும் மீன் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. அமீரகத்தில், புஜைராவில் இருந்தோம். அப்பா துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளில் டெக்னீஷியனாக இருந்து, காண்ட்ராக்ட் முடிந்து ஆறு மாதமாக வீட்டில் இருந்தார். அம்மா ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். அவள் விசாவில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டிருந்தோம். அந்த கிளினிக்கும் வேறு கைக்கு மாறப்போகிறது, மார்ச் மாதத்தோடு பழைய ஆட்களுக்கு கலாஸ், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதால், இருந்தவர்கள் தலையில் இரண்டு பேர் டூட்டி விழுந்தது. அம்மா காலை ஆறு மணிக்கு வண்டி ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். சில வாரம் இரவு டூட்டி முடிந்து அப்படியே பகல் டூட்டிக்கும் நிற்பாள்.

மார்ச்சுக்குள் வேறு வழி பிறக்காவிட்டால் மூட்டை முடிச்சோடு குளச்சலுக்குத் திரும்ப வேண்டியதுதான். வழி ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏஜென்ட் தயாராக இருந்தார். ஆங்கிலப் பரீட்சை ஒன்று மட்டும் பாஸாக வேண்டும். அம்மா இரண்டு தடவை எழுதிவிட்டாள். வாசிப்பது, எழுதுவது, காதால் கேட்பது எல்லாம் தேறிவிட்டது. பேச்சுப் பரீட்சையில் மட்டும் இரண்டு தடவையும் அரை மார்க் குறைந்துவிட்டது. மூன்றாவது தடவை ஜனவரி கடைசியில். அதற்குப் பிறகு இன்னொரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

அம்மாவோடு வேலை பார்த்த மலையாளி சேச்சி ஒருவர் ஏற்கெனவே பாஸாகிப் போய்விட்டார். போகும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்: புத்தகத்தைப் படித்துப் பிரயோஜனமில்லை, அந்த நாட்டு ஆட்கள் பேசுவதை நாள் முழுக்கக் காதில் போட்டுக்கொண்டே இரு, தானாக நாக்கில் வரும். அப்படிப் போனில் தேடியபோது அம்மாவுக்குக் கிடைத்தது அந்த நிகழ்ச்சி. ஒரு பெண்மணி வாரத்துக்கு இரண்டு எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, அவர்களுடைய புதிய புத்தகத்தைப் பற்றிப் பேசுவாள். பழைய நிகழ்ச்சிகளும் கிணறு மாதிரி வற்றாமல் கிடந்தன. அம்மா போனைச் சமையலறையில் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பாள். டம்ளர் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆஸ்திரேலிய இலக்கியம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்த டம்ளர் வழியாகத்தான் வந்தது.

நாள் போகப்போக அந்த எழுத்தாளர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் தன் நாவலை எழுதி முடிக்கப் பதினொரு வருடம் ஆனது என்றதும் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "பதினோரு வருசமா! இவரு டூட்டிக்கே போகாண்டாமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த அந்த ஆறு மாதத்தில் அவர் சமையல் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் அது பொய். முயற்சி செய்தார். "பொண்டாட்டி போயிருப்பா" என்றார்.

இன்னொரு எழுத்தாளர், பெண். புத்தகத்தை முடிப்பதற்காகக் கடற்கரையோரம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, போனை அணைத்துப் போட்டுவிட்டு, ஆறு வாரம் தனியாக இருந்தாளாம். அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட விட்டாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். உச்சரிப்பு பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் பக்கத்தில் போய் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆறு வாரமும் அவளுக்கு யாரு மக்களே சோறு வச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள். அதெல்லாம் பரீட்சையில் வராது என்றேன்.

எனக்கு அப்போது ஆங்கிலம் தண்ணி பட்ட பாடு. அங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். தமிழ் வீட்டுக்குள் புழங்க, மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் அம்மாவைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் பரீட்சை அதிகாரியாக நடித்துப் பார்த்தேன். அம்மா வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து பாஷை பேசி ஆட்களை அதட்டி மருந்து குடிக்க வைக்கிறவள், பெற்ற மகள் முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். நான் நிகழ்ச்சி நடத்தும் பெண்மணி. அம்மா எழுத்தாளர். பவுடர் டப்பாதான் மைக். "இன்று நம்மோடு இருப்பவர்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு முதுகை நிமிர்த்தி, கட்டிலின் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் கால்மேல் கால் போட்டு நான் பார்த்ததே இல்லை. உங்கள் புதிய புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

முதல் சில நாள் டம்ளரில் கேட்ட கதைகளையே திருப்பிச் சொன்னாள். ஒரு நாள் ஆடு, ஒரு நாள் நாய், ஒரு நாள் அக்காள் தங்கை. தடுக்கித் தடுக்கித்தான் வரும். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் இரட்டை டூட்டி முடிந்து வந்தாள். சாப்பிடக் கூட இல்லை. நான் பவுடர் டப்பாவோடு காத்திருந்தேன். புதிய புத்தகம் என்ன என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவள் கடற்கரையோரம் ஒரு வீட்டுக்குப் போகிறாள். கதவைப் பூட்டிக்கொள்கிறாள். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுகிறாள். வெளியே மழை பெய்கிறது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறாள். தலையணையின் ஒரு பக்கம் சூடானதும் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். தூங்குகிறாள். சாயங்காலம் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். மறுபடியும் தூங்குகிறாள்.

ஒரு சொல் தடுக்கவில்லை. அங்கங்கே இழுத்து யோசிப்பதெல்லாம் அன்றைக்கு இல்லவே இல்லை. குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. அடுப்படியிலிருந்து அப்பா கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்று கேட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, திரும்பிப் போய்விட்டார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, அவ தூங்குதா."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கதை என்றால் அதில் ஒரு பிரச்சினை இருக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பு மிஸ் சொல்லியிருக்கிறார், இதில் பிரச்சினை எங்கே என்று கேட்டேன். அம்மா உண்மையாகவே யோசித்தாள். பிரச்சினை உண்டு, யாராவது எழுப்ப வந்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் என்றாள். அது போதாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒன்றுமே நடக்காத புத்தகத்தை எவன் வாங்குவான் என்றேன்.

"நான் வாங்குவேன் மக்களே" என்றாள் தமிழில்.

அன்றைக்கு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு, அம்மைய கொஞ்சம் விடு மக்கா" என்றார். பத்து நாள்தான் இருக்கிறது, உங்களுக்கு அக்கறையே இல்லையா என்று அவரிடமே பாய்ந்தேன். வேலையில்லாமல் இருந்த மனுஷன், வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அவரை அப்படி மடக்கியதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அம்மாவுக்கு உருப்படியான புத்தகம் ஒன்றை நானே எழுதினேன். ஆஸ்திரேலியாவில் காட்டுத் தீ. தீ ஆஸ்பத்திரிவரை வந்துவிடுகிறது. ஒரு வீர நர்ஸ் பதினான்கு குழந்தைகளைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவருகிறாள். கடைசியில் அந்த ஊர் மேயர் வந்து பதக்கம் குத்துகிறார். மூன்று பக்கம். பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களாகத் தேடிப் போட்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றாலே மனப்பாடம்தான், கமா பிசகினால் மார்க் போச்சு. அதே முறைப்படி அம்மாவையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அவள் கிளினிக் வண்டியில் போகும்போது படித்தாள், துணி மடிக்கும்போது முணுமுணுத்தாள். நான் ஸ்கேலோடு நின்று ஒப்பிக்கச் சொன்னேன். கண் சொருகும்போது ஸ்கேலால் கட்டிலைத் தட்டுவேன். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

பரீட்சை துபாயில். அப்பா கூட்டாளியிடம் கார் இரவல் வாங்கி, மலைப் பாதை வழியாக ஓட்டிப் போனார். நானும் பின் சீட்டில். அம்மா உள்ளே போய் வருவதற்குள் அப்பா நான்கு கப் கெட்டியான கடக் டீ குடித்தார். அவள் திரும்பி வந்து ஏறியதும் என்ன கேட்டார்கள் என்று நான்தான் முதலில் கேட்டேன்.

கேள்வி கேட்ட அம்மாள் நல்ல மாதிரிதானாம். சிரித்த முகமாம். உனக்கு ஒரு நாள் முழுதாக லீவு கிடைத்தால் என்ன செய்ய ஆசைப்படுவாய், இரண்டு நிமிடம் பேசு என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்றார் அப்பா.

"சட்டுன்னு வாயில ஒண்ணு வந்துச்சு. பிள்ளதான் அது போதாதுன்னு சொல்லிச்சே. அதனால, லீவு கெடச்சா புஸ்தகம் படிப்பேன், இப்பதான் ஒண்ணு படிச்சேன்னு சொல்லி, தீய ஆரம்பிச்சுட்டேன்."

நான் சீட்டிலிருந்து துள்ளிவிட்டேன். பதினான்கு குழந்தைகளையும் காப்பாற்றினாயா என்று கேட்டேன். ஏழாவது குழந்தையிலேயே அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, வேறு கேள்வி கேட்டாளாம். அதற்குப் பதில் சொல்லும்போதும் எங்கே விட்டோம் என்ற நினைப்பிலேயே இருந்து, சுற்றி வளைத்து மறுபடி தீக்குள் போய்விட்டாளாம். அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அம்மா தலையைச் சாய்த்து, மலை தொடங்குவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். பரீட்சையில் கதை கேட்டவள் அசந்துபோயிருப்பாள் என்று நான் திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

ரிசல்ட் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அம்மா இரவு டூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். நின்றவாக்கில் போனைப் பார்த்தாள். மற்றதெல்லாம் பாஸ். பேச்சில் போன தடவை அரை மார்க் குறைந்தது, இந்தத் தடவை ஒரு மார்க். போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு, யூனிபாரத்தோடு, வெள்ளை ஷூவைக் கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தாள். அப்பா ஷூவைக் கழற்றி வைத்தார். திரையை இழுத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "சத்தம் காட்டாம இரு, நான் மீன் வாங்கிட்டு வாறேன்" என்று கிளம்பினார்.

நான் காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். அடுத்த பரீட்சைக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. வேறு யாருக்கும் இந்த வீட்டில் பொறுப்பு இல்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தீயில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்து, ஒப்பிக்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், ஜெயித்துவிடலாம். ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். இரண்டு தடவை உலுக்க வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"டூட்டியா?" என்றாள்.

இல்லை மம்மி, ப்ராக்டீஸ் என்றேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள். "தீதானே மக்களே?" என்று கேட்டாள். தீதான் என்றேன்.

அவள் படுத்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. அது எனக்கு இப்போதுதான், எனக்கும் டூட்டி என்று ஒன்று வந்த பிறகுதான், உறைக்கிறது. அன்றைக்கு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று பக்கத்தையும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் ஒப்பித்து முடித்தாள். நான் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.