வட்டத்துக்குள் ஒரு வீடு

ஹனோயில் ஒரே முற்றமும் ஒரே தண்ணீர்க் குழாயும் உள்ள பழைய வீட்டில் நாங்கள் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். கியெம் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர். குழாயடிச் சண்டையைக் குரல் உயர்த்தாமல் தீர்த்துவைப்பார். ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால், வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டு எழுதித்தரும் அரசாங்க வேலை. அங்கே காதில் விழுவதை வெளியே மூச்சுவிடக் கூடாது. அவரும் விட்டதில்லை.

அந்த வேலையில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அமெரிக்கர்களுக்குள்ளேயே சண்டை. தளபதிகள் ஹனோயை அடிக்க வேண்டும் என்கிறார்கள். அரசியல்வாதிகளோ, சீனாவும் ரஷ்யாவும் போரில் குதித்துவிடும் என்று பயந்து, ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். மேலிடத்து அனுமதியில்லாமல் அதற்குள் குண்டு விழக்கூடாது. வட்டத்துக்கு வெளியே பாலம், தண்டவாளம், எண்ணெய்க் கிடங்கு எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். எங்கள் வீடு வட்டத்தின் நடுவில் இருந்தது. அவரைத் தவிர எங்களில் யாருக்கும் அப்போது இது தெரியாது.

அறுபத்தாறாம் வருடக் கோடையில், பிள்ளைகளையெல்லாம் கிராமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீடு வீடாகச் சொல்லவேண்டியது கியெம் அண்ணனின் பொறுப்பு. எல்லோரும் சரியென்றோம். எனக்கு அடுத்த அறையில் இருந்த முய் மட்டும் மசியவில்லை. அவள் கணவன் வின், தெற்கே ஃபூ லீயில் ரயில் பாலத்தைக் காக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்தான். ஏழு வயது மகள் லியூதான் அவளுக்குத் துணை.

குழாயடியில் அவரை மடக்கிக் கேட்டாள். "அண்ணே, நீங்க தினமும் அமெரிக்காக்காரன் ரேடியோவைக் கேக்கறவரு. உள்ளதைச் சொல்லுங்க. இங்க குண்டு போடுவானா?"

கியெம் அண்ணன் துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தார். "மேலிடத்து உத்தரவு, முய். அனுப்பிடறதுதான் நல்லது."

"நான் ஊட்டாம அவளுக்குச் சோறு எறங்காது."

"உங்க அக்கா ஃபூ லீயிலதானே இருக்கா? வின்னும் அங்கதான். அப்பா பக்கத்துல இருக்கட்டுமே."

அவள் அனுப்பினாள். அண்ணனும் தன் மகன் துவானை மாமன் ஊருக்கு அனுப்பினார். ஆனால் கொஞ்ச நாளிலேயே பையன் திரும்பி வந்துவிட்டான். மூச்சிரைப்பாம், கிராமத்து ஈரம் ஒத்துக்கொள்ளவில்லையாம். பையனுக்கு லேசாக இரைப்பு இருந்தது உண்மைதான். யாரும் சந்தேகப்படவில்லை. அவர் மனைவி தோவா அக்கா மட்டும் அந்த நாட்களில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஃபூ லீயை அடித்தார்கள். பாலத்தைக் காத்த பீரங்கிகள் சுடச்சுட, விமானங்கள் பீரங்கிகளையே குறிவைத்தன. பக்கத்தில் முய்யின் அக்கா வீட்டுப் பதுங்குகுழி இடிந்து லியூ மண்ணுக்குள் போய்விட்டாள். உயிரோடு தோண்டி எடுத்தார்கள். காது இரண்டும் போய்விட்டது.

முய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வட்டத்துக்குள் எங்களுக்குச் சைரன் மட்டும்தான்; தலைக்கு மேல் விமானங்கள் பறக்கும், நம்முடைய ஏவுகணைகள் அவற்றைத் துரத்தும், நாங்கள் நடைபாதைக் குழிகளில் இறங்கி மூடியை இழுத்துக்கொள்வோம். சைரன் கேட்டதும் துவான் ஓடிப்போய் லியூவின் தோளைத் தட்டுவான். யாரும் சொல்லித்தந்து அவன் செய்யவில்லை. கியெம் அண்ணன் தன் பங்குச் சர்க்கரையை லியூவுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

"சொந்த அண்ணன்கூட இப்படிப் பாக்கமாட்டான்" என்று முய் கண்ணீர் விடுவாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறிவிடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில், ஒரு மத்தியானம் அவர் வேலையிலிருந்து பாதியில் வந்தார். முய் அடுப்படியில் இருந்தாள். மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"முய், லியூவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே கெளம்பு. பாலம், ரயிலு எதுவும் இல்லாத ஊராப் பாத்துப் போ."

"என்னண்ணே திடீர்னு? டிசம்பர்ல ஊர் ஓரமா குண்டு விழுந்ததோட சரி. நடு ஊர்ல போடலையே."

"இவ்வளவு நாளா கையைக் கட்டி வெச்சிருந்தாங்க. இப்ப அவுத்து விட்டுட்டாங்க."

"யாரு கையை?"

"அவங்க விமானப்படை கையை."

கரண்டிச் சத்தம் நின்றது. "எப்பலேருந்து கட்டியிருந்தாங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க அவளை அனுப்பச் சொன்னீங்களே, அப்பவா?"

"ஆமா."

"அப்ப, துவான் இரைப்புக்காகத் திரும்பி வரலை."

"இல்ல."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "இதை ஏன் இப்ப சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா கடைசிவரைக்கும் நல்லவராவே இருந்திருக்கலாமே."

"சொல்லாட்டி நீ போகமாட்ட."

அவள் அடுப்பை அணைத்தாள். "துவானை என்கூட அனுப்புங்க. சைரன் அடிச்சா அவளுக்குச் சொல்றது அவன்தான்." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்காக இல்ல" என்றாள்.

காலையில் மூட்டையைத் தூக்க அவர் கை நீட்டினார். "வெச்சிடுங்க" என்றாள்.

ஆகஸ்டில் ஹனோய் ஆற்றுப் பாலத்தை அடித்தார்கள். எங்கள் பின் தெருவில் பாதி வீடுகள் போயின. எங்கள் அடுப்படிச் சுவர் முய்யின் அறை மேல் சரிந்து கிடந்தது. குழியை விட்டு ஏறி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு மூக்குல வேர்த்திருக்கு பாரு! பிள்ளைங்க தப்பிச்சது அவராலதான்" என்று அவர் முதுகில் தட்டினார்கள். அவர் இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்ன சொல்லால் எங்கள் பிள்ளைகளையும்தான் நாங்கள் அனுப்பியிருந்தோம். அவர்கள் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த வாரமே, ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டேன் என்று அவரே அலுவலகத்தில் போய்ச் சொன்னார். வேலை போயிற்று. ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். "இவரை யாரு கேட்டாங்க?" என்று தோவா அக்கா அழுதாள்.

குண்டு நின்ற பிறகு முய் பிள்ளைகளோடு திரும்பினாள். சில வருடத்தில் கியெம் அண்ணனும் சூளையிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். போர் முடிந்து வின்னும் வந்தான். அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் கியெம் அண்ணனை அவள் "அண்ணே" என்று கூப்பிடவில்லை. "ஐயா" என்பாள், ரேஷன் கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல.

லியூ தையல் கற்று, ஒரு தச்சனை மணந்தாள். கல்யாணத்துக்கு முய் எல்லோரையும் அழைத்தாள், கியெம் அண்ணனையும்தான். அவர் அறையை விட்டு வரவில்லை. பிறகு மணப்பெண்ணே ஒரு தட்டில் ஒட்டரிசிச் சோறும் கோழியும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். முற்றத்திலிருந்த எனக்குக் கேட்டது: "என்னை மன்னிச்சிடும்மா." லியூ வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். வாழ்த்துகிறார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

காலித் தட்டைத் தோவா அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள்.