கங்காணியோடு வந்த அம்மா

வாத்தியார் நண்பர்களே, இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நடந்தது இது.

மூன்றாம் வகுப்பு வள்ளி ஒரு மாதமாக வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா மாரியம்மாவை வரச் சொல்லியிருந்தேன்.

அவர் தன்னை வேலை வாங்கும் கங்காணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கங்காணி இல்லாமல் எஸ்டேட் ஆபீஸ் படி ஏறியதில்லை. பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

"வீட்டில் வள்ளி எப்படி?" என்று கேட்டேன்.

கங்காணி முந்திக்கொண்டார். "திமிருய்யா. ரெண்டு போடுங்க, தன்னால பேசுவா."

"வீட்டில் என்ன விளையாடுவாள்?"

கங்காணி மாரியம்மாவைப் பார்த்தார்.

மாரியம்மா மெதுவாகச் சொன்னார். "வீட்டுல ஓயாம பேசுதாய்யா. லயத்து வீட்டுப் பிள்ளைகள வரிசையா உக்கார வச்சு வாத்தியார் வெளையாட்டுதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பிள்ளைகள் நன்றாகப் பதில் சொல்லுமா?"

"எங்கய்யா! கையில கம்ப வச்சுக்கிட்டு உங்கள மாதிரியே அதட்டுதா. ஒண்ணுகூட வாயத் தெறக்காது."

கங்காணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேசைமேல் கிடந்த பிரம்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

உங்கள் வகுப்பிலும் பேசாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் விளையாட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மாமாரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.