ஐதரசன் இவளுக்கு, ஈலியம் அவளுக்கு

போன வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில நடந்தது இது. புசல்லாவை டவுனுக்கு மேல, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துலதான் எங்க வீடு. லயம்னா ஒரே தகரக் கூரைக்குக் கீழ வரிசையா காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. எங்க காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேல ஒரு முழம் இடைவெளி இருக்கும். நாங்க இங்க தாளிச்சா அவங்க அங்க தும்முவாங்க. அவங்க அங்க சண்டை போட்டா நாங்க இங்கேருந்தே நியாயம் சொல்லுவோம்.

அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்னோட கொழுந்து எடுக்கிறவங்க. வயசுல மூத்தவங்க, அதனால அக்கான்னுதான் கூப்பிடுவேன். அவங்களுக்கு ஒரே மக, எனக்கும் ஒரே மக. ரெண்டும் டவுன் பள்ளிக்கூடத்துல பத்தாம் ஆண்டு, ஒரே வகுப்பு. ஒரே குடையில போய் ஒரே குடையில நனைஞ்சு வருவாளுக.

அந்தத் தவணையில விஞ்ஞானத்துல ஆவர்த்தன அட்டவணை வந்துச்சு. முதல் இருபது மூலகத்தையும், ஐதரசன்ல இருந்து கல்சியம் வரைக்கும், வரிசை மாறாம பாடமாக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க டீச்சர். என் மக அஞ்சாவதுக்கு மேல நகர மாட்டா. நானோ பதினோராம் ஆண்டு முடிவுல எழுதுற சாதாரண தரப் பரீட்சையில விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவ. பொறுமை கிலோ என்ன விலைன்னு கேக்கிற ஆளு வேற. அட்டவணையை அடுப்புக்கு எதிர்ச் சுவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு கத்து கத்துன்னு கத்தினேன். ரொட்டி கருகினதுதான் மிச்சம்.

தீபாவளிக்கு மா இடிக்கிறப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. ஒரே உரல்ல நானும் அக்காவும் மாத்தி மாத்தி உலக்கை போட்டுக்கிட்டிருந்தோம். ஒருத்தி தூக்கினா மத்தவ போடணும். பழகிட்டா கை தன்னால போகும், பேசிக்கிட்டே இடிக்கலாம். இந்தக் கழுதைகளையும் இப்படி விட்டா என்னன்னு தோணுச்சு. அன்னைக்கே பங்கு பிரிச்சுக் கொடுத்தேன். ஐதரசன் என் மகளுக்கு, ஈலியம் அவளுக்கு. இலிதியம் இவளுக்கு, பெரிலியம் அவளுக்கு. இப்படியே இருபது வரைக்கும்.

பொழுது சாஞ்சா சிறுத்தைப்புலி பயம், பொம்பளைப் புள்ளைகளை வெளிய விட மாட்டோம். அதனால எல்லாம் சுவத்துக்கு மேலாலதான். என் மக வெங்காயம் உரிச்சுக்கிட்டே "ஐதரசன்!"னு கத்துவா. அந்தப் பக்கத்துல இருந்து "ஈலியம்!"னு வரும். பிறகு உலக்கை விழுற மாதிரி மாறி மாறி விழும். லயத்துக் கடைசியில இருக்கிற தாத்தா, "என்னா புள்ளைகளா, பேய் ஓட்டுறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு. அக்கா மக ஒரே ஒரு எடத்துலதான் தடுக்குவா. அலுமினியத்துக்கு அடுத்து சிலிக்கன் வரணும். அவ பாய்ஞ்சு கந்தகம்னு சொல்லிடுவா. என் மக இங்கேருந்து "ஏய், சிலிக்கன்டி!"ம்பா. அங்க கெக்கெக்கேன்னு சிரிப்பா. தினமும் அதே தப்பு, தினமும் அதே சிரிப்பு. அக்கா நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அவங்க பாட்டுக்கு ரொட்டி தட்டுற சத்தம் மட்டும் கேக்கும்.

தீபாவளி கழிஞ்சு அக்கா மக கம்பளையில மாமா வீட்டுக்குப் போய் வந்தா. வந்ததுல இருந்து காய்ச்சல். மழையில நனைஞ்சதுன்னு நினைச்சு கொத்தமல்லி அவிச்சுக் கொடுத்தோம். டெங்குன்னு தெரிஞ்சு கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. டாக்டர்மாரும் நர்ஸ் மிஸ்மாரும் எவ்வளவோ பாத்தாங்க. பாவிப் புள்ள பொட்டியிலதான் திரும்பி வந்தா. என் மக பள்ளிக்கூட உடுப்போட, ரெட்டைப் பின்னலோட, அந்தப் பொட்டி பக்கத்துலயே நின்னா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சும் அக்கா எழும்பல. வேலைக்கு வரல, அடுப்பு மூட்டல, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. செத்த வீட்டுல கூட அவங்க வாய்விட்டு அழல. நான் கஞ்சி கொண்டு போனா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு தோட்டமே சொல்லும். அந்த வாயில ஆறுதலா ஒரு சொல் வரல. கஞ்சியை வச்சுட்டுத் திருடி மாதிரி வந்துடுவேன்.

எங்க வீட்டுலயும் சத்தத்தைக் குறைச்சுட்டோம். டீவி இல்ல, சிரிப்பு இல்ல, மகளை நான் பேர் சொல்லிக் கூப்பிடுறது கூட குசுகுசுன்னுதான். "நம்ம புள்ள சத்தம் காதுல விழுந்தா அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? மேல அடைச்சுடுவோம்"னு என் வீட்டுக்காரர் பலகை வாங்கிட்டு வந்தாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஆணி அடிக்கிறதுன்னு முடிவாச்சு.

அதுக்கு முன்னால டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. போனா, என் மகளோட ஒரு சின்னப் பரீட்சைத் தாளைக் காட்டினாங்க. இருபது கட்டம். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்துல அழகா எழுதியிருக்கா. ஐதரசன் இருக்கு, பக்கத்துல வெறும் கட்டம். இலிதியம் இருக்கு, பக்கத்துல வெறும் கட்டம். "கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா. தவணைப் பரீட்சை வேற வருது, கொஞ்சம் பாருங்க"ன்னாங்க டீச்சர். நல்ல மனுஷி, கோபப்படல. எனக்குத்தான் மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடிச்சு உலுக்கினேன், அதுவும் சத்தம் வராம. பாதி தெரிஞ்சவளுக்கு மீதி தெரியாதான்னு கேட்டேன். அவ என்னைப் பாக்காமலே சொன்னா.

"அது அவளோடதும்மா. நான் எப்படிம்மா சொல்றது?"

முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டு அழுதேன். கொஞ்ச நாளா அவ சாப்பாட்டையும் கிண்டிட்டு எழும்பிடுறா, பள்ளிக்கூடம் வேணாங்கிறா. பக்கத்து வீட்டுப் புள்ள மண்ணுக்குப் போயிட்டா, என் புள்ள உசுரோடயே கைவிட்டுப் போயிடுவாளோன்னு பயம் பிடிச்சுக்கிச்சு.

சனிக்கிழமை பொழுது சாயுற நேரம், நல்ல மழை. மகளை அட்டவணைக்கு முன்னால ஒக்கார வச்சு, அவ பங்கை நான் சொல்றேன், உன் பங்கை நீ சொல்லுன்னு மெதுவா கெஞ்சினேன். மாட்டேன்னு தலையை ஆட்டினா. மறுபடியும் கெஞ்சினேன். மறுபடியும் தலையை ஆட்டினா. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"சொல்லித் தொலையேன்டி!"

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். ஐயையோ, அந்தப் பக்கம் அக்கா படுத்திருக்காங்களேன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் மக திடுக்கிட்டு எழும்பி நின்னா. என்னைப் பாக்கல. சுவத்துக்கு மேல இருக்கிற இடைவெளியைப் பாத்து, முன்னால கத்துற அதே சத்தத்துல, "ஐதரசன்!"னா.

தகரத்துல மழை கொட்டுது. அவ வாயைப் பொத்தப் போனேன். அதுக்குள்ள அங்கேருந்து ஒரு குரல் வந்துச்சு. நாள் கணக்கா பேசாம கட்டிப் போன குரல்.

"ஈலியம்."

என் மக "இலிதியம்"னா. "பெரிலியம்"னு வந்துச்சு. போரன், காபன். நைதரசன், ஒட்சிசன். ரொட்டி தட்டிக்கிட்டே அந்த மனுஷி தினமும் அத்தனையையும் காதுல வாங்கியிருக்காங்க. மக பங்கு மட்டும் அப்படியே மனசுல தங்கியிருக்கு.

"அலுமினியம்"னா என் மக.

"கந்தகம்."

"ஏய், சிலிக்கன்டி!"

யோசிக்காம அவ வாயில வந்துடுச்சு. அடுத்த நிமிஷம் என் மக ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணு ரெண்டும் அப்படியே விரிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் ஒரு அழுகை வெடிச்சுது பாருங்க, அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்ல. செத்த வீட்டுல அழாத அழுகை எல்லாம் அன்னைக்குத்தான் வந்துச்சு. அதுக்கு நடுவுலயே, "நிறுத்தாத புள்ள, சொல்லு… சிலிக்கன், சிலிக்கன்"னு கேட்டுச்சு.

மழையில நனைஞ்சுக்கிட்டே அந்தப் பக்கம் ஓடினோம். அக்கா சுவத்துல சாஞ்சு, அவங்க மக எப்பவும் ஒக்காந்து படிக்கிற எடத்துல ஒக்காந்திருந்தாங்க. என் மக "பெரியம்மா"ன்னு போய் மடியில விழுந்தா. மிச்சத்தை அங்கேயே சொன்னாங்க. கடைசியில கல்சியம்னு அக்கா முடிக்கிறப்ப அது சொல்லா வரல, மூச்சாதான் வந்துச்சு.

அன்னைக்கு நாங்க போட்ட தேத்தண்ணியைக் குடிச்சாங்க. குடிச்சுட்டு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "பொட்டியில பாத்தப்ப கூட எனக்கு நம்பிக்கை வரல. உங்க வீட்டுல சத்தத்தை நிறுத்தினீங்க பாரு, அப்பதான்டி என் புள்ள இல்லேன்னு தெரிஞ்சுச்சு."

அந்தப் பலகையை என் வீட்டுக்காரர் கோழிக்கூட்டுக்கு அடிச்சுட்டாரு. அக்கா இப்ப கொழுந்து எடுக்க மலைக்கு வர்றாங்க. தேறிட்டாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். பொழுது சாஞ்சா ரெண்டு பேரும் இப்பவும் சுவத்துக்கு மேலால சொல்றாங்க, சில நாள் பாதியிலயே அக்கா குரல் நின்னுடும். அப்ப என் மகளும் அங்கேயே நிறுத்திட்டு, சோத்தைப் போட்டு அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போயிடுவா. தவணைப் பரீட்சையில இருபது கட்டத்தையும் நிரப்பிட்டு வந்தா. அவ பாதியை எழுதலாமான்னு பெரியம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன்னு சொன்னா.

இப்பெல்லாம் எங்கயாவது புள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பாக்கப் போனா, ஆறுதல் சொல்ல வார்த்தை தேடுறதை விட்டுட்டேன். அந்தப் புள்ளையோட பேரைச் சத்தமா சொல்லித்தான் பேச்சையே தொடங்குறேன்.